இரண்டு கறைகள்

ஊர் வீட்டை வாடகைக்கு விடுவதென்று முடிவானபின், உடன்பிறந்தோர் மூவருக்கும் பொதுவாக எஞ்சியது அப்பாவின் தேக்கு மேசை. பள்ளி ஆசிரியராக இருந்த அவர் முப்பது ஆண்டுகளுக்கும் மேலாக அதன்மீதுதான் விடைத்தாள் திருத்தினார். அவர் மறைந்து பல ஆண்டுகள் கழித்து, சென்ற ஆண்டு அம்மாவும் போய்ச் சேர்ந்தார். மேசை யார் வீட்டுக்குப் போவது என்பதில் இழுபறி இருந்தது. கறையோடு போகக்கூடாது என்பதில் மட்டும் எங்களுக்குள் கருத்து வேறுபாடு இல்லை.

வலது ஓரத்தில் வெண்ணிற வளையங்கள், ஒன்றன்மேல் ஒன்றாக. அப்பாவின் காபி டம்ளர் இட்டவை. இடது ஓரத்தில் உள்ளங்கை அகலத்தில் ஒரு கருவட்டம்.

வந்து பார்த்த ஆசாரி விரலால் தடவிவிட்டு, "வெள்ளை மேலோட நிக்குது. கறுப்பு மரத்துக்குள்ள போயிடுச்சு" என்றார்.

அவர் சொன்னதன் காரணம் எளிது. பழைய மேசைகளுக்குப் பூசப்பட்டது, ஸ்பிரிட்டில் கரைத்த அரக்கு. சூடான பாத்திரத்தின் ஈரம் அந்த அரக்குப் படலத்துக்குள் சிக்கிக்கொண்டால் வெண்மையாகத் தெரியும். மரத்துக்கு ஒன்றும் ஆகியிராது. கருங்கறை வேறு. நீர் படலத்தைக் கடந்து மரத்துக்குள் இறங்கி, இரும்பையும் உடன் கொண்டுசென்றால், மரத்தின் துவர்ப்பும் இரும்பும் கூடிக் கருமை பிறக்கும். கடுக்காய்ச் சாற்றில் அன்னபேதியைக் கலந்தால் கறுப்பதும் இவ்வாறே. பழங்காலத்து எழுதுமை பிறந்த வழியும் இதுதான்.

வெண்மையை நீக்கக் கால்மணி நேரமும் ஆகவில்லை. மெல்லிய பருத்தித் துணியில் சில துளி ஸ்பிரிட்டை விட்டு, பட்டும் படாமலும் விரைந்து ஒற்றியெடுத்தார் ஆசாரி. அழுத்தினால் அரக்கே கரைந்துவிடுமாம். வளையங்கள் ஒவ்வொன்றாக மறைந்தன. கடைசி வளையம் மறைந்தபோதுதான் அக்கா, "அப்பா டம்ளர் வைக்கிற இடமே தெரியலையே" என்றாள். அதுவரை எங்களில் எவருக்கும் அது தோன்றவில்லை.

கருவட்டத்துக்கு இரண்டு நாள் ஆயிற்று. அவ்விடத்து அரக்கை உப்புத்தாளால் தேய்த்து நீக்கி, ஆக்ஸாலிக் அமிலத்தை வெந்நீரில் கரைத்துத் தூரிகையால் பூசினார். அது நஞ்சு, கையுறையும் முகமூடியும் இல்லாமல் தொடக்கூடாது. காய்ந்ததும் நீரால் நன்றாகக் கழுவி, மீண்டும் பூசினார். கறுப்பு பழுப்பாயிற்று, பழுப்பு சாம்பலாயிற்று.

அந்த வட்டம் வந்த கதை எங்கள் மூவருக்கும் தெரியும். ஒருவரும் வாய் திறக்கவில்லை. அம்மா படுக்கையில் கிடந்த எட்டு மாதமும் அந்த மேசைதான் அவர் தலைமாட்டில் இருந்தது. தண்ணீர்ச் செம்பு ஒரு துருவேறிய தகரத் தட்டின்மேல் இருக்கும். மாதம் ஒருவராக முறைவைத்து வந்தோம். தட்டின்கீழ் ஈரம் தேங்கியதை ஒவ்வொருவரும் பார்த்தோம். அடுத்து வருபவர் துடைத்துக்கொள்வார் என்று விட்டுவிட்டோம். ஈரத்தை மட்டுமா அவ்வாறு விட்டோம்?

எங்களில் கல்லூரியில் தமிழ் நடத்துபவருக்குக் கறைக்கண்டன் என்ற பெயர் நினைவுக்கு வந்தது. நஞ்சைத் தானே ஏற்றவனுக்குக் கறையும் அணியாயிற்று. எங்களுடையது பிறர் ஏற்றுக்கொள்வார் என்று விட்டதால் வந்த கறை. அதற்கு அந்தப் பெயரைத் துணைக்கு அழைக்க வாய் வரவில்லை.

இரண்டாம் நாள் மாலை, உற்றுப் பார்த்தால் மட்டும் தெரியும் சாம்பல் நிழலொன்று எஞ்சியிருந்தது. "இன்னொரு தடவை பூசினா இதுவும் போயிடும்" என்றார் ஆசாரி. தம்பி எங்களைப் பார்த்தான்.

"போதும், அப்படியே பாலிஷ் போட்டுடுங்க" என்றோம்.