அடுத்த வெடிக்கு முன்

ரிஷிகேஷிலிருந்து கர்ணபிரயாகைக்கு 125 கிலோமீட்டர் ரயில் பாதை போடுகிறார்கள். அதில் ஏறக்குறைய 105 கிலோமீட்டர் மலைக்குள்ளேயே போகிறது. அந்தச் சுரங்கங்களில் ஒன்றில், வெடிப்புகை அடங்கி, கல்லும் மண்ணும் அள்ளி முடித்த நேரத்தில் உள்ளே போனேன். இனிமேல் குடைய வேண்டிய பாறைச் சுவர் எதிரே நின்றது. ‘ஃபேஸ்’ என்கிறார்கள்.

முதல் வேலை ஜார்க்கண்டிலிருந்து வந்த ஃபோர்மனுடையது. நீண்ட கடப்பாரையால் ஓரங்களைத் தட்டிக்கொண்டே போகிறார். கணீரென்று கேட்டால் பாறை பிடிப்போடு இருக்கிறது; பொத்தென்று கேட்டால் உள்ளே விட்டுப்போயிருக்கிறது. “அந்தப் பக்கம் போகாதீங்க மேடம், இன்னும் உதிரும்” என்றார். அதன் பிறகே புவியியலாளர் முன்னால் வந்தார். கார்வால் பெண். கையில் சுத்தியல், காம்பஸ், வரைபடத் தாள்.

ஒரு துண்டை உடைத்து என் கையில் வைத்தார். ஃபில்லைட். சாம்பல் நிறம், மெல்லிய மினுமினுப்பு. நகத்தால் நெம்பியதும் ஏடு ஏடாகப் பிரிந்தது. ஈரம் பட்ட பக்கம் சோப்பைப் போல வழுக்கியது. விரிசல்கள் எந்தப் பக்கம் சாய்கின்றன, எவ்வளவு நெருக்கம், நடுவே களிமண் உண்டா என்று ஒவ்வொன்றாக வரைந்தார். பாறைப் பொறியாளர் பீனியாவ்ஸ்கி 1973-இல் வகுத்து 1989-இல் திருத்திய பாறைத் தர மதிப்பீட்டு முறையில் இதற்கெல்லாம் மதிப்பெண் உண்டு. நூற்றுக்கு 30 விரிசல் பரப்பின் தன்மைக்கே போகிறது. நீருக்கு 15: உலர்ந்திருந்தால் முழுதும், பாய்ந்து ஓடினால் பூஜ்யம். மொத்தம் 20-ஐத் தாண்டாத பாறையில், தாங்கல் இல்லாத ஒரு மீட்டர் அகலம் அரைமணி நேரம்தான் நிற்கும் என்கிறது பீனியாவ்ஸ்கியின் அட்டவணை.

இடது மேல் மூலையில் கசிந்த நீர் கலங்கியிருந்தது. முந்தைய ஷிஃப்டில் தெளிவாக வந்த நீர் அது. விரிசலுக்குள் இருக்கும் களிமண் கரைகிறது என்று பொருள். அடுத்த வெடியின் நீளத்தை ஒரு மீட்டராகக் குறைத்தார். ஃபேஸ் மீதே ஷாட்கிரீட் எனும் தெளிப்புக் கான்கிரீட் அடிக்கவும், கூரைக்கு மேலே முன்கூட்டியே குழாய்கள் செருகவும் எழுதிக் கொடுத்தார். மீட்டர் குறைந்தால் எந்தத் திட்டத்திலும் கேள்வி வரும். தெரிந்தும் எழுதினார். நான் பார்த்ததில் மிகத் துணிவான கையெழுத்து அது.

ஃபேஸை மட்டும் பார்த்தால் போதாது. 2023 நவம்பர் 12 அன்று உத்தராகண்டின் சில்க்யாரா சுரங்கத்தில் சரிந்தது ஏற்கெனவே குடைந்து முடித்த பகுதி. அதற்கு அப்பால் 41 தொழிலாளர்கள் சிக்கினார்கள்; 28-ஆம் தேதிதான் வெளியே வந்தார்கள். அதனால்தான் பின்னால் சுவரில் பதித்த குறிகளை சர்வேயர் மில்லிமீட்டர் கணக்கில் அளந்துகொண்டிருந்தார்.

‘இன்று வெடி வேண்டாம்’ என்று சொல்லும் உரிமை அந்தப் புவியியலாளருக்கும், கடப்பாரை பிடிக்கும் ஃபோர்மனுக்கும் ஒப்பந்தத்திலேயே எழுதப்பட வேண்டும். நிறுத்திய ஷிஃப்டுக்கும் முழுக்கூலி தர வேண்டும்.