புரிசையின் கூத்தாசிரியர்

திருவண்ணாமலை மாவட்டத்தில் புரிசை என்னும் சிற்றூர் உள்ளது. அங்குத் தலைமுறை தலைமுறையாகத் தெருக்கூத்து ஆடிவரும் குடும்பத்தில் பிறந்தவர் கண்ணப்பத் தம்பிரான். அவருடைய தந்தை துரைசாமித் தம்பிரானும் கூத்துக் கலைஞரே.

கூத்து எளிய கலையன்று. அது விடிய விடிய நடைபெறும். தலையிலும் தோளிலும் மரத்தாலான அணிகலன்களைச் சுமந்தபடியே கலைஞர் பாட வேண்டும், ஆட வேண்டும், வசனமும் பேச வேண்டும். இதை ஏட்டைப் படித்து மட்டும் கற்க இயலாது. ஆசிரியரின் அருகில் நின்று, பார்த்துப் பார்த்தே பழக வேண்டும். அதனால், கற்பிப்பவர் இல்லையென்றால் கலையும் மறைந்துவிடும்.

எழுத்தாளர் ந. முத்துசாமி 1977ஆம் ஆண்டு சென்னையில் கூத்துப்பட்டறை என்னும் நாடகக் குழுவைத் தொடங்கினார். அக்குழுவின் நடிகர்களுக்குக் கண்ணப்பத் தம்பிரான் ஆசிரியரானார். அவர்கள் கூத்துக் குடும்பங்களில் பிறந்தவர்கள் அல்லர். ஆயினும், தம் முன்னோர் காத்துவந்த அடவுகளையும் பாடல்களையும் அவர்களுக்குக் கற்பித்தார். பரம்பரைக் கலை தம் வீட்டோடு நின்றுவிட வேண்டும் என்று அவர் எண்ணவில்லை.

அவருக்குப் பின் மகன் கண்ணப்ப சம்பந்தன் அப்பணியைத் தொடர்ந்தார். தம்பிரானின் நினைவாகப் புரிசையில் நாடக விழா நடத்தப்படுகிறது. அன்று கூத்தைக் கற்பிக்க அவர் நகரத்திற்குச் சென்றார். பின்னர் நகரத்து நாடகக் குழுக்கள் அவருடைய ஊரைத் தேடி வந்தன.