சோளகத்துக்கு மறைவாக ஒரு மைக்

குருநகர்க் கடற்கரையிலிருந்து உள்ளே போகும் ஒழுங்கையொன்றில், றேடியோவும் வள்ளங்களின் ஜிபிஎஸ் கருவிகளும் திருத்துகிற ஒருவரின் வீடு இருக்கிறது. தலைமுறை தலைமுறையாகக் கடலுக்குப் போகிற குடும்பம். வேலை ஓய்ந்த நேரங்களில் பறவைக் குரல் பிடிக்கும் மைக் செய்கிறார் என்று கேள்விப்பட்டுப் போனேன்.

மேசையில் சட்டைப் பொத்தான் அளவில் எலெக்ட்ரெட் மைக் தலைகள் கிடந்தன. ஜப்பானின் பிரைமோ ஈஎம்272. வெளியே எவ்வளவு அமைதியாக இருந்தாலும் எந்த மைக்கும் தனக்குள் ஓர் இரைச்சலை எழுப்பிக்கொண்டே இருக்கும். மலிவான தலைகளில் அது 30 டெசிபெலைத் தாண்டும். இதில் சுமார் 14. தூரத்துப் புலுனிகளின் கிசுகிசுப்பு கேட்பதும் மூழ்கிப்போவதும் இந்த வித்தியாசத்தில்தான். இரண்டு தலைகளைச் சமாந்தரமாக இணைத்தால் குரல் இருமடங்காகும். இரண்டின் இரைச்சலும் ஒத்து ஓடாததால் அது அவ்வளவு கூடாது. 3 டெசிபெல் லாபம்.

ஈயம் வைக்கும்போது சூட்டுக்கோலைத் தொட்டதும் எடுத்துவிடுகிறார். சூடு ஏறினால் தலைக்குள் தேக்கிவைத்த மின்னேற்றம் கெட்டுவிடும். பிறகு மூட்டுகளின்மேல் நகப்பூச்சு. "உப்புக்காத்து செம்பை விடாது அண்ணை. ஈரம் ஏறினா மைக் படபடவெண்டு பொரியத் தொடங்கிடும்."

என்னை வியக்கவைத்தது அவர் மைக்குக்கு இடம் பார்க்கிற விதம். விடியமுன் வள்ளங்களின் எஞ்சின், பிறகு மீன் ஏலம், யாகப்பர் கோயில் மணி. இவற்றுக்கிடையில் கிடைக்கிற சொற்ப அமைதியையும் காற்று தின்றுவிடும். நான் போனது சோளகம் தென்மேற்கிலிருந்து அடிக்கிற காலம். கம்பிக்கூடு ஒன்றுக்குப் பழைய வலையைச் சுற்றி, அதன்மேல் பொம்மைக் கரடி செய்கிற மயிர்த்துணியைப் போர்த்தியிருந்தார். வெறும் ஸ்பொஞ்ச் இந்தக் காற்றுக்குத் தாங்காது. துணிக்கும் மைக்குக்கும் இடையில் அசையாமல் நிற்கிற காற்றுத்தான் காவல். கூட்டைச் சைக்கிள் டியூப் கீற்றுகளில் வடகிழக்குப் பக்கத் தாழ்வாரத்தில் தொங்கவிட்டிருக்கிறார், சுவரின் அதிர்வு ஏறாதபடி. வாடை தொடங்கினால் இடம் மாறும். இந்தத் திசையறிவை எந்தக் கையேடும் அவருக்குக் கொடுக்கவில்லை, கடல் கொடுத்தது.

எஞ்சின் முழக்கத்தை ஒழிக்கப் பலர் 500 ஹேட்ஸுக்குக் கீழே எல்லாவற்றையும் வெட்டிவிடுவார்கள். அவர் 80இல் நிறுத்துகிறார். செண்பகத்தின் ஆழ்ந்த கூவல் சில நூறு ஹேட்ஸிலேயே இருக்கிறது. அதை இழந்து பெறுகிற துப்புரவு எனக்கும் வேண்டாம்.

அறியப்பட்டவற்றுள் மிகப் பழைய பறவைக்குரல் பதிவு 1889இல் ஜேர்மனியில் நடந்தது. லுட்விக் கோக் என்ற சிறுவன் எடிசன் உருளையில் பிடித்தது ஒரு சோலைப்பாடியின் பாட்டு. வன்னிக் காடுகளிலும் வாழ்கிற பறவை; அங்கே கூண்டில் இருந்தது. குருநகரில் மைக் கூட்டுக்குள் இருக்கிறது, பறவை வெளியே. இந்த முறைதான் சரி.

இப்போது நாலு தலை வைத்த மைக் ஒன்றைத் தொடங்கியிருக்கிறார். ஒரு தலையைவிட 6 டெசிபெல் லாபம். குரல் பலமாக வருவதால் பதிவுக் கருவியின் இரைச்சலும் அமுங்கும். நாலுக்கும் அந்தக் கருவி தரும் மின்சாரம் போதாது என்பதால் தனிப் பற்றரி வேண்டும். அதை உப்பு ஏறாமல் எதற்குள் அடைப்பது என்று பீவீசீக் குழாய்த் துண்டுகளை ஒவ்வொன்றாக அளந்து பார்த்துக்கொண்டிருந்தார்.