வைத்தியசாலையும் வணிகப் பட்டமும்

எனது பெறாமகள் ஒருத்தி வடக்கிலுள்ள அரச வைத்தியசாலையொன்றில் தாதிய உத்தியோகத்தராகப் பணியாற்றுகிறாள். பிரித்தானியப் பல்கலைக்கழகமொன்று இணையவழியாக நடத்தும் வணிக நிர்வாகப் பட்டப்படிப்பில், சுகாதார முகாமைத்துவத்தைச் சிறப்புத் துறையாகத் தெரிந்து பயின்று வருகிறாள். பத்திரிகை ஆசிரியபீடத்தில் முப்பது வருடங்களாகப் பிறர் எழுதிய வசனங்களைத் திருத்தியவன் என்பதால், அவளது ஒப்படைகளின் ஆங்கிலத்தைச் சரிபார்க்கும் வேலை என் தலையில் விழுந்தது. கலைப் பட்டதாரியான எனக்குக் கணக்கியலும் வராது, வைத்தியமும் வராது. ஆயினும் நான்கு வருடங்களாக அவளுடன் சேர்ந்து நானும் இந்தப் பாடங்களை வாசித்து வருகிறேன்.

இந்தப் படிப்பினால் அவள் வீட்டில் முறுகல் இருப்பதை மறைப்பதற்கில்லை. அவள் சேர்ந்தது 2021 இறுதியில். 2022 மார்ச்சில் ரூபா மிதக்கவிடப்பட்டபோது, 200 ரூபாவை அண்டியிருந்த அமெரிக்க டொலர் சில வாரங்களிலேயே 300 ரூபாவைத் தொட்டது. பவுணும் அவ்வாறே ஏறியது. கட்டணமோ பவுணில். அந்த மாத இறுதியில் நாளொன்றுக்கு 13 மணித்தியாலம் மின்வெட்டு. விரிவுரைகளைக் கைத்தொலைபேசியில், மின்கலம் தாங்கும் வரை கேட்டாள். அவளுடைய கணவர் என்னிடம் ஒரே ஒரு கேள்வியைத்தான் கேட்டார்: “இதைப் படிச்சு முடிச்சால் ஆஸ்பத்திரிக்குப் பொறுப்பாய் வரலாமோ, மாமா?”

வர முடியாது என்பதே நேர்மையான பதில். எமது நாட்டில் பெரிய அரச வைத்தியசாலைகளின் பணிப்பாளர் பதவி மருத்துவர்களுக்குரியது. மருத்துவ நிர்வாகம் என்பதே பட்டப்பின் மருத்துவ நிறுவகத்தில் மருத்துவர்கள் கற்கும் ஒரு துறையாக உள்ளது. தாதிய உத்தியோகத்தர் ஒருவர் எத்தனை முகாமைத்துவப் பட்டங்களைப் பெற்றாலும் அந்த நாற்காலியை அடைய இயலாது. தனியார் வைத்தியசாலைக்குப் போகலாம், வெளிநாடு போகலாம். 2022 இன் பின்னர் அவளுடன் வேலை செய்த பலர் போய்விட்டனர். அவள் இரண்டையும் விரும்பவில்லை.

இணையவழிப் பட்டம் என்றவுடன் முகஞ்சுளிப்பவர்களும் உளர். சந்தேகத்துக்குக் காரணமில்லாமலில்லை. 2015 மே மாதத்தில் நியூயோர்க் டைம்ஸ் பத்திரிகை, கராச்சியிலிருந்த அக்ஸாக்ட் என்ற நிறுவனம் இல்லாத பல்கலைக்கழகங்களின் பெயரில் உலகெங்கும் பட்டங்கள் விற்றதை அம்பலப்படுத்தியது. நல்லதொரு பத்திரிகைப் பணி அது. ஆகவே பணம் கட்டுவதற்கு முன்னர், அந்தப் பல்கலைக்கழகம் எமது பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவினால் அங்கீகரிக்கப்பட்டதா என்று பார்க்கச் சொன்னேன். பார்த்தாள், அங்கீகாரம் இருந்தது. மற்றப்படி, தூர இருந்து படிப்பது எமக்குப் புதிதா என்ன? லண்டன் பல்கலைக்கழகம் 1858 இலிருந்து வெளிவாரிப் பட்டங்களை வழங்கி வருகிறது. கொழும்பில் 1921 இல் தொடங்கிய பல்கலைக்கழகக் கல்லூரி, 1942 இல் இலங்கைப் பல்கலைக்கழகம் உருவாகும்வரை, லண்டன் பரீட்சைகளுக்கே மாணவரைத் தயார் செய்தது. லண்டன் பீ.ஏ. என்று பெயருக்குப் பின்னால் போட்டுக்கொண்ட எங்கள் பெரியவர்களில் எத்தனை பேர் லண்டனைக் கண்டார்கள்?

இனிப் பாடத்துக்கு வருகிறேன். அவளுடைய இரண்டாம் வருடத்தில் ஜோன் லிட்டில் என்பவர் 1961 இல் நிரூபித்த விதியொன்று வந்தது. ஓரிடத்தில் சராசரியாகக் காத்திருப்போரின் தொகை, அவர்கள் வந்துசேரும் வேகத்தை ஒருவர் தங்கும் நேரத்தால் பெருக்கினால் கிடைக்கும். மணிக்கு 60 பேர் வருகிறார்கள், ஒருவர் 3 மணித்தியாலம் தங்குகிறார் என்றால், எந்நேரமும் அங்கே 180 பேர் இருப்பார்கள். இதைப் படித்த அன்றிரவு அவள் தொலைபேசியில் என்னிடம் சொன்னாள்: “சித்தப்பா, எங்கட கிளினிக்கில வாங்கு காணாது எண்டு ஒவ்வொரு வருசமும் கடிதம் போடுறம். வாங்கு இல்லை பிரச்சினை. எல்லாரையும் விடிய ஆறு மணிக்கு வரச் சொல்லுறதுதான் பிரச்சினை.”

அது உண்மை. முதல் பஸ்ஸைப் பிடித்து, கிளினிக் கொப்பியுடன் வந்து, நம்பர் துண்டு எடுத்துவிட்டு, பத்து மணிக்கு வரும் வைத்தியருக்காகக் காத்திருக்கும் முதியவர்களை நாம் எல்லோரும் அறிவோம். அவர்களை மணித்தியாலக் கணக்கில் பிரித்து அழைத்தால் மண்டபம் பாதி வெறுமையாகும். அதற்கு ஒரு சதமும் செலவில்லை.

மற்றொரு பாடம் மருந்துக் களஞ்சியம் பற்றியது. மருந்துகளை உயிர்காக்க வேண்டியவை, அவசியமானவை, அவ்வளவு அவசியமற்றவை என மூன்றாக வகுத்து, எவை அதிக பணத்தை விழுங்குகின்றன என்பதையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கும் முறை. 2022 மார்ச்சில் பேராதனைப் போதனா வைத்தியசாலையில் மருந்துத் தட்டுப்பாட்டினால் வழமையான சத்திரசிகிச்சைகளே நிறுத்தப்பட்டன. அந்த நாட்களில் வாட்டில் நின்றவளுக்கு இந்த அட்டவணையை எவரும் விளக்கத் தேவையிருக்கவில்லை. 1971 இல் அரச மருந்தாக்கல் கூட்டுத்தாபனத்தை உருவாக்கிய பேராசிரியர் சேனக்க பிபிலேயின் பெயர் பாடநூலில் இல்லை. அவள் தன் ஒப்படையில் சேர்த்துக்கொண்டாள்.

மதுரை மட்டும் பாடத்தில் இருந்தது. வைத்தியர் கோ. வெங்கடசாமி அரச சேவையிலிருந்து ஓய்வுபெற்று, 1976 இல் 11 கட்டில்களுடன் ஆரம்பித்த அரவிந்த் கண் மருத்துவமனையை ஹாவார்ட் வணிகக் கல்லூரி 1993 இல் பாடமாக்கியது. ஒரு மேசையில் சத்திரசிகிச்சை முடியும்போது அடுத்த மேசையில் அடுத்த நோயாளர் ஆயத்தமாக இருப்பார். வைத்தியர் திரும்பினால் போதும். அந்த ஆயத்தத்தைச் செய்பவர்கள் கிராமங்களிலிருந்து தெரிவுசெய்து பயிற்றப்பட்ட பெண்கள். பாக்கு நீரிணைக்கு அப்பாலுள்ள மதுரையை எங்கள் பிள்ளை பிரித்தானியா வழியாக அறியவேண்டியிருந்தது!

ஆனால் வணிகத்தின் மொழி எனக்கு ஒவ்வவில்லை. இங்கே அரச வைத்தியசாலைக் கட்டணங்கள் 1951 இல் நீக்கப்பட்டன. அப்படிப்பட்ட இடத்தில் நோயாளியை ‘வாடிக்கையாளர்’ என்பதை நான் எப்படி ஏற்பது? இப்போது அவள் எழுதும் ஆய்வறிக்கை கிளினிக்கில் காத்திருக்கும் நேரம் பற்றியது. அனுமதிக் கடிதம் மேசை மேசையாக அலைந்து ஏழு மாதங்களின் பின் கைக்கு வந்தது. வினாக்கொத்தைத் தமிழாக்கித் தந்தவன் நான். வாடிக்கையாளர் என்று வந்த இடமெல்லாம் நோயாளர் என்று எழுதினேன். அவள் மறுக்கவில்லை. எனினும் ஒன்றைச் சொன்னாள்: காசு வாங்குகிற இடத்தில், ஆள் எழும்பிப் போனால் நட்டம் எவ்வளவு என்று யாரோ ஒருவர் எண்ணுகிறார், எங்களிடத்தில் எண்ணுவதற்கு ஆளில்லை. இதற்கு என்னிடம் மறுமொழி இருக்கவில்லை.

எவ்வளவு நேரம் காத்திருப்பது உங்களுக்கு நியாயமாகப்படும் என்பது வினாக்கொத்தின் ஒன்பதாவது கேள்வி. மணித்தியாலத்தில் பதில் எழுதுவதற்கு ஒரு கட்டம் விட்டிருந்தோம். வயதானவர்கள் பலர் இலக்கம் எதுவும் சொல்லவில்லை. “சும்மா தாற மருந்துதானே பிள்ளை, இருப்பம்” என்றிருக்கிறார்கள். அவள் அதை அப்படியே கட்டத்துக்குள் எழுதிக்கொண்டு வந்திருக்கிறாள். கணனியில் அந்தக் கட்டம் இலக்கத்தை மாத்திரமே ஏற்கும். வெறுமையாக விடுவதா, வேறொரு பத்தி திறப்பதா என்று நேற்றிரவும் கதைத்தோம். அறிக்கையை ஒப்படைக்க இன்னும் ஆறு வாரங்கள் இருக்கின்றன.