ஒன்பதில் ஒரு பங்கு ஓட்டு

மே 6, 2013 – திங்கள்

நள்ளிரவு தாண்டித்தான் மலேசியப் பொதுத்தேர்தலின் முடிவு உறுதியானது. ஆளும் தேசிய முன்னணிக்கு 133 இடங்கள், எதிரணியான மக்கள் கூட்டணிக்கு 89. எங்கள் காப்பார் தொகுதியில் மக்கள் கூட்டணியின் ஜி. மணிவண்ணன் வென்ற மகிழ்ச்சி, நாட்டு நிலவரம் தெரிந்ததும் அடங்கிவிட்டது. காலையில் மொத்த ஓட்டுக் கணக்கைப் பார்த்தபோது கோபம் வந்தது. எதிரணிக்கு ஏறக்குறைய 51 விழுக்காடு, ஆட்சி அமைப்பவர்களுக்கு 47. பதிந்த வாக்காளர்களில் கிட்டத்தட்ட 85 விழுக்காட்டினர் வெயிலில் நின்று ஓட்டுப் போட்ட தேர்தல் இது. இன்றே நஜிப் பிரதமராகப் பதவியேற்றுவிட்டார். பின்னடைவுக்குக் காரணம், சீன வாக்காளர்கள் எதிரணிப் பக்கம் திரண்ட ‘சீனச் சுனாமி’ என்கிறார்.

பொதுத்தேர்தலில் விரலுக்கு மை வைத்தது இதுவே முதல் முறை. 2008-இல் மை வாங்கிவிட்டு, வாக்களிப்புக்கு நான்கு நாள் இருக்கையில் வேண்டாம் என்றார்கள் தேர்தல் ஆணையத்தார். நேற்றுக் காலை என் இடது ஆள்காட்டி விரலில் வைத்த மை, ராத்திரி பாத்திரம் துலக்கியதோடு போய்விட்டது. நகக்கண்ணில் மட்டும் கொஞ்சம் பழுப்பு ஒட்டியிருக்கிறது.

மே 7 – செவ்வாய்

‘சீனர்களுக்கு இன்னும் என்ன வேண்டும்?’ என்று முதல் பக்கத்தில் கேட்கிறது உத்துசான் மலேசியா நாளிதழ். காப்பாரில் எனக்கு என்ன வேண்டும் என்பதை எழுதிவைக்கிறேன். எங்கள் தொகுதியில் 1 லட்சத்து 44 ஆயிரம் வாக்காளர்கள். புத்ராஜெயாவில் 16 ஆயிரம்கூட இல்லை. இரண்டு தொகுதிக்கும் நாடாளுமன்றத்தில் தலா ஓர் இடம். அங்கே ஒருவர் போடும் ஓட்டுக்கு ஈடாக இங்கே ஒன்பது பேர் போட வேண்டும்.

இது தற்செயலாக வந்ததல்ல. 1957-இல் எழுதிய அரசியல் சாசனத்தில், தொகுதிகளின் வாக்காளர் எண்ணிக்கை சராசரியிலிருந்து 15 விழுக்காட்டுக்கு மேல் விலகக் கூடாது என்று இருந்தது. 1962 திருத்தம், நகரத் தொகுதியில் இருப்போரில் பாதிப் பேர் இருந்தாலே கிராமத் தொகுதிக்குப் போதும் என்றது. 1973-இல் அந்த வரம்பையும் எடுத்துவிட்டார்கள். என் ஓட்டின் எடை குறைந்தது அப்படித்தான்.

மே 8 – புதன்

தேர்தல் முடிவை எதிர்த்துக் கிளானா ஜெயா அரங்கத்தில் இன்றிரவு எதிரணியின் பேரணி, கறுப்பு உடையில் வரச் சொல்லியிருந்தார்கள். அம்மா வாசலில் வந்து நின்றார். “தம்பி, வேணாம்பா. பதிமூணாந்தேதி கிட்டத்துல வருது. அறுபத்தொம்பதுல நாங்க பட்டது போதும்.” 1969-இல் மே 10 தேர்தல், மே 13 கலவரம். இறந்தவர்கள் 196 பேர் என்பது அரசாங்கக் கணக்கு. இந்த நாட்டில் தேர்தல் முடிவுக்குப் பிறகு தெருவில் இறங்குவதென்றால், அந்த நாளின் பயத்தைத் தாண்டித்தான் இறங்க வேண்டும். “கூட்டத்தில எல்லா இனத்தாரும் இருப்பாங்கம்மா” என்றேன். “போனவுடனே போன் போடு” என்று சொல்லிவிட்டு உள்ளே போனார்.

கூட்டரசு நெடுஞ்சாலையில் கார்கள் நகரவே இல்லை. வெகுதூரத்தில் காரை விட்டுவிட்டு நடந்தோம். என்னோடு நடந்தவர்களில் முக்காடு அணிந்த மலாய்ப் பெண்கள், சீன மாணவர்கள், கிள்ளானிலிருந்து வந்த நம் பிள்ளைகள். ‘சுனாமி’ என்று சொன்னவர் இந்தச் சாலையில் ஒரு பர்லாங் நடந்திருந்தால் போதும். எதிரணித் தலைவர் அன்வார் பேசியதில் பாதி என் காதில் விழவில்லை. பக்கத்தில் நின்ற மலாய் இளைஞன் தண்ணீர்ப் போத்தலை எனக்குக் கொடுத்துவிட்டு, மை போன தன் விரலைக் காட்டினான். நானும் என் விரலைக் காட்டினேன்.

பத்து நாள் முன்னறிவிப்புத் தரவில்லை, ஆகவே சட்டவிரோதம் என்கிறது காவல் துறை. தேர்தல் முடிந்த மூன்றாம் நாள் கூடுவதற்கு, வாக்களிப்புக்கு ஒரு வாரம் முன்பே அறிவிப்புத் தந்திருக்க வேண்டும். தோற்கப் போவதை முன்கூட்டி அறிந்தவனுக்குத்தான் அது முடியும்.

மே 10 – வெள்ளி

பேரணியில் ஒன்று மனத்தை உறுத்தியது. வங்காளதேசிகளை விமானத்தில் கொண்டுவந்து ஓட்டுப் போட வைத்தார்கள் என்று சிலர் கத்திக்கொண்டிருந்தார்கள். வாக்களிப்பு நாளன்று மேருவில் எனக்கு முன்னால் நின்ற ஒல்லியான, கறுத்த பெரியவரை இரண்டு பேர் மறித்து தேசிய கீதமான ‘நெகாராகூ’வைப் பாடச் சொன்னார்கள். அவர் சட்டைப் பையிலிருந்து குடிமக்களுக்கான நீல அடையாள அட்டையை எடுத்து நீட்டினார். கை நடுங்கியது. தோட்டத்தில் பிறந்து, பால் மரம் வெட்டியே வாழ்ந்த தமிழர் அவர்.

நம் கோபம் கூலிக்கு வந்த ஏழையின் முகத்தைத் தேடக் கூடாது. தொகுதி எல்லையை வரைந்தவர்களிடமும், மை வாங்கியவர்களிடமும், சட்டத் திருத்தத்துக்குக் கை தூக்கியவர்களிடமும் கணக்குக் கேட்க வேண்டும்.

மே 16 – வியாழன்

நாட்டின் தேர்தல் முறை பிடிக்காதவர்கள் வேறு நாட்டுக்குப் போகட்டும் என்று எழுதியிருக்கிறார் புதிய உள்துறை அமைச்சர் அகமட் சாஹிட் ஹமிடி. என் தாத்தா கப்பலேறி வந்து, இங்கே ரப்பர் காட்டில் செத்தார். நான் எங்கும் போவதாக இல்லை. முறை பிடிக்கவில்லை என்றால் முறையைத்தான் மாற்ற வேண்டும்.

ஜூன் 22 – சனி

பினாங்கு, ஈப்போ, ஜொகூர் பாரு என்று சுற்றி வந்த கறுப்புப் பேரணி இன்று கோலாலம்பூர் பாடாங் மெர்போக்கில். மே 13 கலவரமில்லாமல் கடந்துபோனதில் அம்மாவின் பயம் பாதி தெளிந்துவிட்டது. இத்தனை ஊரில் கூடி அமைதியாகக் கலைந்ததே பெரிய காரியம். தேர்தலுக்குப் பின் கூடினால் ரத்தம் சிந்தும் என்ற நாற்பத்து நான்கு வருட மிரட்டல் இனிப் பலிக்காது.

ஏப்ரல் 25, 2014 – வெள்ளி

கிளானா ஜெயா பேரணிக்காக அதன் ஏற்பாட்டாளர் நிக் நஸ்மி மீது போட்ட வழக்கில், முன்னறிவிப்புத் தராததைக் குற்றமாக்கும் சட்டப் பிரிவு அரசியல் சாசனத்துக்கு முரணானது என்று மேல்முறையீட்டு நீதிமன்றம் தீர்ப்பளித்திருக்கிறது. அந்த இரவு நடந்த நடைக்கு ஒரு பலன்.

அக்டோபர் 1, 2015 – வியாழன்

அதே நீதிமன்றம், வேறு நீதிபதிகள், நேர்மாறான தீர்ப்பு. இம்முறை வழக்கு ஜொகூர் பாரு பேரணி தொடர்பாக யுனேஸ்வரன் மீது. வென்றதென்று நினைத்த உரிமையை மறுபடி வாதாடித்தான் பெற வேண்டும்.

மே 10, 2018 – வியாழன்

ஆட்சி மாறிவிட்டது. தேசிய முன்னணிக்கு 79 இடங்கள்தான். தெருவெல்லாம் கார் ஹார்ன். எனக்கும் மகிழ்ச்சிதான். ஆனால் மார்ச்சில் நாடாளுமன்றம் ஏற்றுக்கொண்ட புதிய எல்லைகள் அப்படியே இருக்கின்றன. பாங்கியில் 1 லட்சத்து 78 ஆயிரத்துக்கு மேல் வாக்காளர்கள், சரவாக்கின் ஈகானில் 20 ஆயிரம்கூட இல்லை. நமக்குப் பிடித்த முடிவு வந்துவிட்டதால் இந்தக் கணக்கு நேராகிவிடாது. தோற்றபோது அநியாயம் என்றதை, வென்றபோதும் அநியாயம் என்றே சொல்ல வேண்டும்.

அடுத்த மறுசீரமைப்புக்கு எட்டு ஆண்டாவது ஆகும். அப்போது எல்லையை எதிர்த்து மனுக் கொடுக்க, தொகுதியின் வாக்காளர் பட்டியலில் உள்ள நூறு பேர் போதும் என்கிறது அரசியல் சாசனத்தின் 13-ஆவது அட்டவணை. கிளானா ஜெயாவுக்கு நடந்துவந்த கூட்டத்தில் காப்பார்க்காரர்கள் நூறு பேருக்குக் குறைவில்லை. அவர்களைத் தேடிப் பிடித்து, பெயரும் அடையாள அட்டை எண்ணும் எழுதி வாங்கும் வேலையை இந்த வாரமே தொடங்குகிறேன்.