வலது இருக்கை

26 ஜூலை 2025, சனி

தூத்துக்குடி பனிமயமாதா கோயிலில் இன்று கொடியேற்றம். ராத்திரி வாகைகுளத்தில் புதிய விமான முனையத்தைப் பிரதமர் திறந்துவைத்தார். டிவியில் திரும்பத் திரும்பக் கட்டடத்தைத்தான் காட்டினார்கள். எனக்கு ஓடுபாதைமேல்தான் கண். 1,350 மீட்டராக இருந்தது இப்போது 3,115 மீட்டர். இத்தனை வருஷமாகப் புரொபெல்லர் விமானங்கள் மட்டும் வந்துபோன இடத்தில் இனி ஏர்பஸ் 320 இறங்கலாம்.

அந்தச் சத்தத்துக்கு நடுவில்தான் மெயில் வந்தது. ஆகஸ்ட் 12, குருகிராம். ஏடிஆர் விமானத்துக்கு ஃபர்ஸ்ட் ஆபீசர் வேலை. ஆன்லைன் தேர்வில் தேறியாயிற்று, மிச்சம் குழுப் பயிற்சியும் நேர்காணலும். அம்மா மெயிலை என்னை வாசிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டு, மறுபேச்சில்லாமல் மெழுகுதிரி வாங்கக் கிளம்பிவிட்டாள்.

28 ஜூலை, திங்கள்

காகிதங்களை அடுக்கினேன். சிபிஎல் என்கிற வணிக விமானி உரிமம், முதல் வகுப்பு மருத்துவச் சான்று, ரேடியோ உரிமம், பிளஸ் டூ மதிப்பெண் பட்டியல், லாக்புக். நேர்காணலில் லாக்புக்கை நடுவில் எங்கேயாவது திறந்து, "இந்த நாள் என்ன நடந்தது?" என்று கேட்பார்களாம். நியாயமான கேள்வி. சிபிஎல்லுக்கு வேண்டியது 200 மணி நேரம். அதில் 100 மணி நேரம் நாமே பொறுப்பேற்று ஓட்டியிருக்க வேண்டும். 300 நாட்டிக்கல் மைல் தனிப்பயணம், இரவுப் பறத்தல் 5 மணி நேரம் என்று அத்தனையும் அந்தப் புத்தகத்தில் வரிவரியாக இருக்கிறது. எழுதினவருக்கே ஞாபகமில்லாத வரி அதில் இருக்கக் கூடாது. முதல் பக்கத்திலிருந்து வாசிக்கத் தொடங்கியிருக்கிறேன்.

பேட்ச் தோழி ஒரு கேள்வி வங்கி அனுப்பியிருக்கிறாள். நூற்றுக்கணக்கான கேள்விகள், பக்கத்திலேயே விடைகள். கேள்விகளை மட்டும் எடுத்துக்கொண்டேன். ஒரே விடையை முப்பது பேர் ஒப்பித்தால் எதிரே இருக்கும் கேப்டனுக்கு மூன்றாவது ஆளிலேயே தெரிந்துவிடும்.

31 ஜூலை, வியாழன்

இன்று முழுக்க வானிலை. புத்தகத்தை மூடிவிட்டு மொட்டைமாடியில் உட்கார்ந்து நம் ஊரையே பாடமாக எடுத்துக்கொண்டேன். தென்மேற்குப் பருவக்காற்று மலையில் மோதி அந்தப் பக்கமே மழையைக் கொட்டிவிடுகிறது. கணவாய்கள் வழியாக நமக்கு வருவது காய்ந்த மேல்காற்று. கயத்தாறு பக்கம் அத்தனை காற்றாலைகள் நிற்பதும், இங்கே உப்பளத்தில் இந்த மாதங்களில் உப்பு வாருவதும் அதனால்தான். பிற்பகலில் கடல்காற்று கிழக்கேயிருந்து கிளம்பி அதை எதிர்க்கும். எது ஜெயிக்கிறதோ அதைப் பொறுத்துத்தான் மேற்கு பார்த்த 28-ஆம் ஓடுபாதையா, கிழக்கு பார்த்த 10-ஆம் ஓடுபாதையா என்பது.

அக்டோபர் வந்தால் எல்லாம் தலைகீழ். 2023 டிசம்பர் 17, 18-இல் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை. எங்கள் தெருவிலும் படகு வந்தது. வளிமண்டலச் சுழற்சி கடலோரத்தில் அசையாமல் நின்றால் என்ன ஆகும் என்பதற்கு எனக்குப் படம் தேவையில்லை.

3 ஆகஸ்ட், ஞாயிறு

அப்பாவுக்கு இன்று ஓய்வு. துறைமுகத்தில் பைலட் லாஞ்சில் டெக் வேலை அவருக்கு. வெளிக்கடலில் நிற்கும் கப்பலுக்குத் துறைமுக பைலட்டைக் கொண்டுபோய் ஏற்றிவிடுவதும் இறக்கிக் கூட்டிவருவதும்தான். சின்ன வயதிலிருந்து கேட்ட கதைதான். ஆனால் இன்று வேறு காரணத்துக்காகக் கேட்டேன். விமானத்தில் இரண்டு பேர் எப்படிச் சேர்ந்து வேலை செய்ய வேண்டும் என்ற பாடத்தை நேற்று முழுக்கப் படித்தும் மனசில் ஒட்டவில்லை.

"கப்பலு காத்தை மறைச்சு நிக்கும்லா, அந்தப் பக்கமா லாஞ்சை அணைப்போம். நூலேணி தொங்கும். லாஞ்சு அலையில மேல எழும்பி ஒரு நொடி நிக்கும் பாரு, அப்பதான் காலை வைக்கணும். கீழ எறங்குதப்ப வச்சா, அடுத்த அலையில லாஞ்சு வந்து காலை நசுக்கிரும்."

"யாருப்பா நேரம் பாக்குறது?"

"நான்தான். நான் 'இப்ப'ன்னு சொன்னாத்தான் அவரு காலெடுத்து வைப்பாரு."

அந்த பைலட் யார்? பெரிய கப்பல்களில் வருஷக்கணக்காக இருந்துவிட்டு வந்த அதிகாரி. அப்பா பத்தாவது வரை படித்தவர். "சரியில்லன்னு பட்டா என்ன சொல்லுவீங்க?" என்று கேட்டேன்.

"'நில்லு'ம்பேன்."

"'நில்லுங்க சார்' இல்லையா?"

"அதுக்குள்ள அலை வந்துரும்லா? கரையில 'சார்', 'வாங்க', 'போங்க' எல்லாம் உண்டு. ஏணிப்பக்கம் 'இப்ப', 'நில்லு' ரெண்டே சொல்லுதான். மரியாதை கொறைஞ்சுபோச்சுன்னு இன்னைக்கு வரைக்கும் ஒருத்தரும் கோவிச்சதில்லட்டி."

கப்பலுக்குள் நடப்பதையும் சொன்னார். பைலட் "ஸ்டார்போர்டு டென்" என்றால் சுக்கான் பிடிப்பவர் அதையே திருப்பிச் சொல்லிவிட்டுத்தான் திருப்ப வேண்டும். திருப்பி முடிந்ததும் இன்னொரு தடவை சொல்ல வேண்டும். பைலட் வழிகாட்டினாலும் கப்பலின் பொறுப்பு கேப்டனுக்குத்தான். அவருக்குச் சந்தேகம் வந்தால் பைலட்டைத் தடுத்துக் கேட்கலாம், கேட்க வேண்டும். கட்டுப்பாட்டு அறை சொல்வதை நாங்கள் ரேடியோவில் திருப்பிச் சொல்வது அப்படியே இதுதான். சாப்பிட்ட கையோடு ஒரு பக்கம் எழுதிவைத்தேன்.

5 ஆகஸ்ட், செவ்வாய்

மாதா திருவிழா நிறைவு. உள்ளூர் விடுமுறை, தெருவெல்லாம் மைக். படிப்பு ஓடவில்லை.

திரேஸ்புரத்திலிருந்து மாமா வந்திருந்தார். சங்கு குளிக்கிறவர். அவருடைய அப்பா காலத்தில் முத்துக்குளிப்பு இருந்தது. 1961-ஓடு அதுவும் நின்றுபோனது. மாமாவுக்கு முழங்கால் மூட்டில் தீராத வலி. கம்ப்ரசர் குழாயைக் கடித்துக்கொண்டு ஆழத்தில் நெடுநேரம் இருந்துவிட்டுச் சட்டென்று மேலே வந்தால், ரத்தத்தில் கரைந்த நைட்ரஜன் குமிழாகக் கிளம்புகிறது. அதைத்தான் எங்கள் விமான மருத்துவப் பாடமும் சொல்கிறது: முக்குளித்த கையோடு விமானத்தில் ஏறாதே, 24 மணி நேரம் பொறு. மேலே அழுத்தம் இன்னும் குறைவு, குமிழ் இன்னும் பெருக்கும். மாமாவுக்கு இதைப் படம் போட்டு விளக்கினேன். பேசாமல் கேட்டுவிட்டு, "இதை எங்க பயலுவளுக்கு வந்து சொல்லேன்" என்றார். வேலை கிடைத்தாலும் கிடைக்காவிட்டாலும் போய்ச் சொல்ல வேண்டும்.

7 ஆகஸ்ட், வியாழன்

கோழிக்கோடு விபத்து நடந்து இன்றோடு ஐந்து வருஷம். 2020 ஆகஸ்ட் 7, துபாயிலிருந்து வந்த ஏர் இந்தியா எக்ஸ்பிரஸ் போயிங் 737. மழை, பின்காற்று, மேட்டு ஓடுபாதை. இரண்டு விமானிகளையும் சேர்த்து 21 பேர் இறந்தார்கள். விசாரணை அறிக்கையை மறுபடியும் வாசித்தேன். நிலைப்படாத அணுகுதலைத் தொடர்ந்ததும், ஓடுபாதையில் பாதி தூரம் தாண்டி இறங்கியதும் முதல் காரணங்கள். கூடவே இன்னொன்று: துணை விமானி "கோ அரவுண்ட்", அதாவது இறங்காமல் மறுபடி மேலே ஏறு என்று சொன்னார், அது ஏற்கப்படவில்லை. அதன் பிறகு அவர் கட்டுப்பாட்டைத் தன் கையில் எடுத்து விமானத்தை மேலே கொண்டுபோகவில்லை என்பதையும் அறிக்கை காரணத்தில் சேர்த்திருக்கிறது. பத்து வருஷத்துக்கு முன்னால், 2010 மே 22, மங்களூரு. 158 பேர். அங்கேயும் துணை விமானி "கோ அரவுண்ட்" சொல்லியிருக்கிறார்.

இரண்டிலும் ஆபத்தைக் கண்டவர் வலது இருக்கையில் இருந்தார், வாய் திறந்து சொல்லவும் செய்தார். நான் கேட்கும் வேலை அந்த இருக்கை. பெரியவர்களை எதிர்த்துப் பேசாதே என்று வளர்க்கப்பட்ட பிள்ளைகள் நாங்கள். வகுப்பில் வாத்தியார் கணக்கைத் தப்பாகப் போட்டால்கூட மணி அடிக்கும் வரை பொறுத்துப் போய்ச் சொன்ன பழக்கம். அந்தப் பழக்கம் காக்பிட்டுக்குள் வரவே கூடாது. என்ஜின் பாடத்தைவிட இதுதான் பெரிய பாடம் என்று எனக்குத் தோன்றுகிறது.

9 ஆகஸ்ட், சனி

தோழியோடு போனில் ஒத்திகை. நான் கேப்டன், அவள் துணை விமானி. ஆயிரம் அடியில் வேகம் கூடுதல், உயரமும் கூடுதல். "சார், கொஞ்சம் ஹையா இருக்கோமோ?" என்றாள். அது கேள்வி. கேள்விக்கு எதிராளி பதில் சொல்லாமலும் இருக்கலாம். "அன்ஸ்டேபிள், கோ அரவுண்ட்" என்று மூன்று வார்த்தையில் சொல்லு என்றேன். பதில் வராவிட்டால் மறுபடி சொல்லு, அப்போதும் வராவிட்டால் "ஐ ஹேவ் கன்ட்ரோல்ஸ்" என்று எடுத்துக்கொள். குரல் நடுங்காமல் வரும்வரை சொல்லிக்கொண்டே இருந்தோம்.

அகமதாபாத் விமான விபத்து பற்றிக் கேட்டால் என்ன சொல்வது என்றும் பேசினோம். ஜூன் 12-இல் 260 உயிர்கள் போயின. ஜூலையில் வந்தது முதற்கட்ட அறிக்கை மட்டும். புறப்பட்ட சில நொடிகளில் எரிபொருள் சுவிட்சுகள் இரண்டும் கட்-ஆஃப் நிலைக்குப் போனதாக அதில் இருக்கிறது. ஏன் என்பது இல்லை. அறிக்கையில் உள்ளதைச் சொல்லிவிட்டு நிறுத்துவது, யார் மேலும் பழி போடாமல் இருப்பது. இருவரும் அதில் உறுதியாக இருந்தோம். செத்துப்போனவர்களைப் பற்றி டிவி பேசுகிற மாதிரி ஒரு விமானி பேசக் கூடாது.

தூங்கப்போகும் முன் பிரேம் மாத்தூரை நினைத்துக்கொண்டேன். 1947-இல் பெண் என்பதாலேயே பல கம்பெனிகள் தட்டிக்கழித்தன. டெக்கான் ஏர்வேஸ் எடுத்துக்கொண்டது. நம் பக்கத்து உஷா சுந்தரம் 1951-இல் கணவரோடு லண்டனிலிருந்து பம்பாய்க்கு டவ் விமானத்தைக் கொண்டுவந்து சாதனை படைத்தவர். அவர்கள் தள்ளித் திறந்த கதவு எனக்கு மெயிலில் திறக்கிறது.

11 ஆகஸ்ட், திங்கள்

வாகைகுளத்திலிருந்து சென்னை, அங்கிருந்து டெல்லி. முதல் பாதி ஏடிஆர் 72. வேண்டுமென்றே இறக்கைக்குக் கீழே ஜன்னல் இருக்கை கேட்டு வாங்கினேன். இறக்கை தலைக்கு மேலே இருப்பதால் சக்கரம் கண்ணுக்கு நேரே தெரியும். ஆறு பிளேடு புரொபெல்லர் மெதுவாகச் சுழன்று, பிறகு வட்டமாக மங்கியது. மேல்காற்றுக்கு எதிரே 28-இல் கிளம்பினோம். சக்கரம் தரையை விட்டதும் இன்னும் சுற்றிக்கொண்டே மடங்கி உள்ளே போனது. திரும்பும்போது உப்பளங்கள் கட்டம் கட்டமாகச் சாய்ந்து வந்தன. சென்னை வரை புத்தகத்தைத் திறக்கவில்லை.

12 ஆகஸ்ட், செவ்வாய்

ராத்திரி பத்து மணி. வரிசையாக எழுதிவிடுகிறேன்.

காலையில் குழுப் பயிற்சி. ஒரு தீவில் சிக்கிக்கொண்டால் எந்தப் பொருள்களை முதலில் எடுப்பது என்பது மாதிரி ஒரு கணக்கு. விடை தேர்வு செய்பவர்களுக்கு முக்கியமில்லை, பார்த்தாலே தெரிந்தது. சத்தமாகப் பேசினவர்களை அவர்கள் குறித்துக்கொண்டார்கள். பேசாமலே இருந்த ஒரு பையனைப் பார்த்து "உங்களுக்கு என்ன தோணுது?" என்று கேட்டேன். அவன் சொன்னதுதான் கடைசியில் எங்கள் விடை.

மத்தியானம் நேர்காணல். இரண்டு கேப்டன்கள், மனிதவளத் துறையிலிருந்து ஒரு அம்மா. லாக்புக்கைத் திறந்தார்கள், கேட்டார்கள், சொன்னேன். புறப்படும்போது ஒரு என்ஜின் நின்றால்? முதலில் விமானத்தை நேராக வைத்து ஏறவேண்டும். எந்த என்ஜின் என்று இரண்டு பேரும் உறுதி செய்த பிறகே நெம்புகோலைத் தொட வேண்டும். 2015-இல் தைபேயில் டிரான்ஸ்ஏசியா ஏடிஆர், நன்றாக ஓடிய என்ஜினை நிறுத்தி விழுந்ததைச் சொன்னேன். உங்கள் ஊரில் ஆகஸ்ட் பிற்பகலில் எந்த ஓடுபாதை? மாடியில் உட்கார்ந்து யோசித்ததைச் சொல்லி, கடைசியில் மெட்டார் வானிலை அறிக்கை பார்த்துத்தான் முடிவு என்றேன். கேட்ட கேப்டன் தலையசைத்தார்.

உங்கள் ஊரைப் பற்றிச் சொல்லுங்கள் என்றார் அந்த அம்மா. முத்து, உப்பு என்று தொடங்காமல் வ.உ.சி.யில் தொடங்கினேன். 1906-இல் சுதேசி கப்பல் கம்பெனி, தூத்துக்குடி–கொழும்பு. வெள்ளைக்காரக் கம்பெனி கட்டணத்தை இறக்கிப் பார்த்த கதையைச் சொன்னதும் மூன்று பேரும் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். கட்டணப் போட்டி அவர்களுக்குத் தெரியாததா!

கடைசியாக மூத்த கேப்டன் கேட்டார். "நான் இருபதாயிரம் மணி நேரம் பறந்தவன். நீங்கள் புதுசு. நிலைப்படாமல் இறங்குகிறேன். நீங்கள் சொல்லியும் கேட்கவில்லை. என்ன செய்வீர்கள்?" நடைமுறையைச் சொன்னேன். "நிஜமாகவே என் கையிலிருந்து பிடுங்குவீர்களா?" என்றார். அப்பாவைப் பற்றிச் சொன்னேன். பத்தாவது படித்தவர், இருட்டிலும் அலையிலும் ஒரு பெரிய அதிகாரியைப் பார்த்து "நில்லு" என்கிறார், அவர் நிற்கிறார், அதனால்தான் இருவரும் வீட்டுக்குப் போகிறார்கள். அந்த வீட்டில் வளர்ந்தவள் நான், பிடுங்குவேன் சார் என்றேன். அவர் எழுதிக்கொண்டிருந்த பேனாவை மூடிவைத்துவிட்டு, அப்பா எத்தனை வருஷமாக அந்த வேலையில் இருக்கிறார் என்று விசாரித்தார்.

22 ஆகஸ்ட், வெள்ளி

தேர்வாகிவிட்டேன். அம்மா அழுதாள், பிறகு தெருவில் வீடுவீடாக மக்ரூன் கொடுக்கப் போனாள். அப்பா லாஞ்சில் இருந்தார். போனில் காற்று இரைச்சல். சொன்னதும், "சரியாக் கேக்கல, திருப்பிச் சொல்லு" என்றார். திருப்பிச் சொன்னேன். "கெடச்சிட்டு" என்று அவரும் ஒரு தடவை திருப்பிச் சொன்னார். பின்னால் யாரோ கைதட்டுவது கேட்டது.

செப்டம்பரில் சேர வேண்டும். வகுப்புகள், பிறகு சிமுலேட்டரில் ஏடிஆர் டைப் ரேட்டிங், அதன் பிறகுதான் பயணிகளோடு பயிற்சி. அதற்குள் திரேஸ்புரத்துக்குப் போய்வந்துவிட வேண்டும். வருகிற ஞாயிறு என்று மாமாவிடம் சொல்லியிருக்கிறேன். கடலுக்குப் போகாத நாள் அதுதான், பையன்களைக் கூட்டிவைப்பதாகச் சொன்னார்.