பெயர் ஒன்று, பொருத்தம் வேறு

வட்டவளைக்கும் ஹற்றனுக்கும் இடையே மலைநாட்டுப் புகையிரதப் பாதையில் அமைந்த சிறு நிலையம் றொசல்ல. அதனை அண்டிய தோட்டமொன்றில் வான் ஓட்டிப் பிழைக்கும் இளைஞர் ஒருவர் இருக்கிறார். காலையில் பள்ளிப் பிள்ளைகளுக்கும், மற்றைய வேளைகளில் டிக்கோயா வைத்தியசாலைக்குச் செல்லும் நோயாளருக்கும் அவரது பழைய ரொயோட்டா லைட் ஏஸ் வானே துணை. 2025ஆம் ஆண்டின் மழைக்காலத்தில், ஏற்றமொன்றில் சூடேறி அதன் எஞ்சின் ஹெட் வெடித்துப்போயிற்று.

புது வாகனம் என்பது நினைக்கவும் இயலாதது. 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி 2025 பெப்ரவரியில் தனியாருக்குத் திறந்துவிடப்பட்டபோதும், விலையும் வரியும் ஏழைக்கு எட்டாதனவாகவே இருந்தன. யப்பானில் கழிக்கப்பட்டு இங்கு வந்திறங்கும் எஞ்சின் ஒன்றை வாங்குவதே வழி. பழைய எஞ்சினை ஹற்றனில் இரும்பு விலைக்குக் கொடுத்தார். மனைவியின் நகையை அடகு வைத்தார். கொழும்பு, பஞ்சிகாவத்தைக்குப் புறப்பட்டார்.

“2சி தானே தம்பி? இந்தா இருக்கு” என்றார் கடைக்காரர். எஞ்சினிலும் 2சி என்றே பொறித்திருந்தது. 1974 கன சென்ரிமீற்றர் டீசல் எஞ்சின். அதிற் பொய் ஏதுமில்லை. ஆயினும் றொசல்லைக்கு வந்து சேர்ந்த எஞ்சின் வானுக்குள் அமர மறுத்துவிட்டது.

வானில் எஞ்சின் முன்னிருக்கைகளின் கீழ் நீளவாட்டில் கிடந்து பின்சக்கரங்களை இயக்குகிறது. அதே 2சி, கரினா, கொறோலா கார்கள் சிலவற்றில் குறுக்கே அமர்ந்து முன்சக்கரங்களை இயக்குகிறது. எண்ணெய் தங்கும் சம்ப்பும், எஞ்சினைத் தாங்கும் மவுண்டுகளும் இரண்டிலும் வெவ்வேறு.

ரொயோட்டாவின் குறியீட்டில் ‘சி’ என்பது குடும்பப் பெயர். முன்னுள்ள எண் அக்குடும்பத்தில் அதன் வரிசையைக் காட்டும். பின்வரும் எழுத்து சிறப்பியல்பைக் கூறும். ‘ரி’ எனில் டேர்போ. இவ்வளவும் கூறும் குறியீடு, எஞ்சின் எந்த வண்டியிலிருந்து கழற்றப்பட்டது என்பதை மட்டும் கூறுவதில்லை. அதை அறிவிக்கும் தகடு வண்டியின் உடலோடு யப்பானிலேயே நின்றுவிடுகிறது. விற்றவரும் அறியார், வாங்கியவரும் அறியார். ஏமாற்றியவர் எவருமின்றி ஏமாந்து நிற்பவனுக்குக் கோபித்துக்கொள்ளவும் ஆளில்லை.

“பழைய சம்ப்பும் மவுண்டும் இருந்தா மாத்திப் பூட்டிறலாம் தம்பி” என்றார் மெக்கானிக். அவையோ இரும்புக் கடையில்! இளைஞர் ஹற்றனுக்கு ஓடினார். நல்லவேளையாக எஞ்சின் இன்னும் உடைக்கப்படவில்லை. முழு எஞ்சினுக்குப் பெற்றதிலும் கூடுதலான பணத்தைச் சில பாகங்களுக்காகக் கொடுத்து அவற்றை மீட்டார். வான் மீண்டும் ஓட மூன்று வாரங்கள் சென்றன. அதுவரை பிள்ளைகள் மழையில் நடந்தனர். பின்னர் புதிய எஞ்சின் இலக்கத்தைப் பதிவுச் சான்றிதழில் மாற்றுவதற்கான அலைச்சல் தொடங்கிற்று.

இன்று எஞ்சின் மாற்றப் புறப்படும் சாரதிகள் அவரிடமே யோசனை கேட்கின்றனர். “நம்பரை மட்டும் நம்பாதீங்க அண்ணே. புதுசு உள்ள உட்கார்ற வரைக்கும் பழச வித்துறாதீங்க” என்கிறார் அவர்.

வான் ஏற்றத்தில் ஏறுகிறது. நகை இன்னும் அடகுக் கடையிலேயே இருக்கிறது.